படைக்கலக் கொட்டில்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். சங்க காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சி என்னும் குறுநில மன்னன் இவ்வூரில் இருந்து ஆண்டான். கடையெழு வள்ளல்களுள் ஒருவன் அவன். உண்டாரை நெடுங்காலம் வாழ்விக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு அளித்த பெருந்தகை அவனே. இக்கதையை நீங்கள் சிறு வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். அதே ஔவையார், படைக்கலங்களை அடுக்கிக் காட்சியாக வைத்திருந்த ஓரிடத்தைப் பார்வையிட்ட செய்தியும் நம் இலக்கியத்தில் உண்டு. அதனை முதலில் சொல்லிப் பின்பு நம் காலத்துக்கு வருகிறேன்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமானுக்கும் அதியமானுக்கும் பகை மூண்டது. போர் வரும் என்ற நிலையில் அதியமான் ஔவையாரைத் தூதாக அனுப்பினான். தூது வந்த புலவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். தன் வலிமையைக் கண்டு அவர் அஞ்சித் திரும்ப வேண்டும் என்பது அவன் எண்ணம் போலும். அங்கே படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மாளிகையில் பளபளத்தன. ஔவையார் கண்டார், அஞ்சவில்லை. ‘உன் படைக்கலங்கள் இவ்வளவு அழகாக இருக்கின்றன, எம் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனுடைய பட்டறையில் கிடக்கின்றன’ என்னும் கருத்தமைய ஒரு பாட்டுப் பாடினார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது.

புகழ்வது போலப் பழித்தும் பழிப்பது போலப் புகழ்ந்தும் அவர் பாடிய திறத்தை வகுப்பில் உங்கள் ஆசிரியர் விரித்துரைப்பார். யான் இங்குக் கருதுவது வேறொன்று. படைக்கலத்தின் முன் நின்ற ஔவையார் அதன் பளபளப்பில் மயங்கவில்லை. இது எங்கே சென்றது, என்ன செய்தது, இதற்கு என்ன நேர்ந்தது என்று எண்ணினார். படைக்கலத்தைப் பார்க்கும் முறை அதுவே என்பது என் துணிபு. அம்முறை இக்காலத்துக்கும் வேண்டும்; இளைஞர்களுக்கு மிகவும் வேண்டும்.

இக்காலத்திலும் படைக்கலக் கொட்டில்கள் இருக்கின்றன. வேலும் வாளும் இருந்த இடத்தில் விமானமும் டாங்கியும் நிற்கின்றன. புதுதில்லியில் பாலம் என்னுமிடத்தில் விமானப்படையின் காட்சிச்சாலை உள்ளது. கோவாவில் கடற்படை விமானங்களுக்கென்று ஒன்று உண்டு. மராட்டிய மாநிலத்தில், 2024 முதல் அகில்யாநகர் என்று வழங்கும் அகமதுநகரில், டாங்கிகளுக்காகவே 1994-ஆம் ஆண்டில் ஒரு காட்சிச்சாலை திறக்கப்பெற்றது. விசாகப்பட்டினத்தில் குர்சுரா என்னும் நீர்மூழ்கிக் கப்பலையே கடற்கரை மணலில் ஏற்றி, 2002 முதல் மக்கள் உள்ளே சென்று காண வைத்துள்ளனர். தருமபுரிக்கு அண்மையில் இருப்பது பெங்களூரில் உள்ளது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தார் 2001-இல் அமைத்த விமானக் காட்சிச்சாலை அது. நம் ஊரிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஒரே நாளில் சென்று திரும்பிவிடலாம்.

சென்ற ஆண்டு என் பெயரன் பயிலும் பள்ளியில் மாணவரை அங்கே அழைத்துச் செல்ல முடிவு செய்தனர். அப்பொழுது ஆசிரியரிடையே இரு கருத்துகள் எழுந்தன. ‘கொலைக் கருவிகளைக் குழந்தைகளுக்குக் காட்டுவானேன்? சோலையையும் கோயிலையும் காட்டலாகாதா?’ என்றார் ஒருவர். ‘நாட்டுப் பற்று வளர வேண்டுமாயின் நம் படைவலியை மாணவர் கண்ணாரக் காண வேண்டும்’ என்றார் மற்றொருவர். ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்பதற்காக என்னையும் கேட்டனர். இருவர் சொல்லிலும் பாதி உண்மை உண்டு என்று சொன்னேன். காட்டத்தான் வேண்டும், ஆயின் எப்படிக் காட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘அப்படியானால் தாங்களும் உடன் வாருங்கள்’ என்றனர். சென்றேன்.

காலையில் புறப்பட்ட பேருந்து கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் கடந்து முற்பகலிலேயே பெங்களூரை அடைந்தது. பழைய விமான நிலையச் சாலையில் மரங்கள் சூழ அமைந்துள்ளது அக்காட்சிச்சாலை. திறந்த வெளியில் விமானங்கள் நிற்கின்றன. உள்ளே ஒரு கூடத்தில் 1940 முதல் நம் நாட்டில் விமானத் தொழில் வளர்ந்த வரலாறு நிழற்படங்களாகக் காட்டப்படுகிறது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர், மைசூர் அரசின் துணையோடு இத்தொழிலைப் பெங்களூரில் தொடங்கினார். உலகப் போர் நடந்த காலம் அது. இன்னொரு கூடத்தில் விமான எஞ்சின்களை வெட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள். எத்தனை சக்கரங்கள், எத்தனை குழாய்கள், எத்தனை நுண்ணிய இலைத் தகடுகள்! ஔவையார் சொன்ன கொல்லன் பட்டறை என் நினைவுக்கு வந்தது. போர் நடப்பது களத்தில் மட்டும் அன்று. கொல்லன் உலையிலும் நடக்கிறது. பெயர் தெரியாத பல்லாயிரம் தொழிலாளரின் கை அந்த எஞ்சினில் இருக்கிறது.

வெளியில் நின்ற விமானங்களுள் எச்.டி.-2 என்பது ஒன்று. பயிற்சிக்காக நம் நாட்டிலேயே திட்டமிட்டுச் செய்த அது, 1951-இல் முதன்முதலாகப் பறந்தது. அதற்கு அடுத்த தலைமுறையாக வந்தது எச்.எஃப்.-24 என்னும் போர்விமானம். காற்று என்னும் பொருள்பட அதற்கு மாருத் என்று பெயரிட்டனர். கர்ட் டாங்க் என்னும் செருமானியப் பொறியியல் வல்லுநர் தலைமையில் பெங்களூரில் உருவான அவ்விமானம், 1961 ஜூன் 17-ஆம் நாள் விண்ணில் எழுந்தது. 1971-ஆம் ஆண்டுப் போரில் மேற்கெல்லையில் பணி செய்தது. பின்னர்ப் படையிலிருந்து ஓய்வு பெற்றது. கூரிய மூக்கும் பின்னோக்கிச் சாய்ந்த சிறகுமாக அது நிற்பதைப் பார்த்தால், நின்றபோதே பறப்பதாகத் தோன்றும்.

மாணவர் ஆரவாரம் செய்தனர். ஒருவன் சிறகின் கீழ் நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டான். மற்றொருவன் வாயினால் எஞ்சின் ஒலி எழுப்பிக்கொண்டு ஓடினான். இளமையின் இயல்பு அது, குறை சொல்வதற்கில்லை. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் மாருத்தின் முன் அசையாது நின்றான். விமானி அமரும் இடத்தையே நெடுநேரம் பார்த்தான். பிறகு என் அருகில் வந்து, “ஐயா, இதில் உட்கார்ந்து போனவர் திரும்பி வந்தாரா?” என்று கேட்டான்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. இத்தகைய காட்சிகளில் விமானத்தின் நீளம், எடை, வேகம் ஆகியவற்றை நாம் எளிதில் அறிந்துகொள்கிறோம். அவன் கேட்டதோ மனிதனைப் பற்றி. பின்னர் அறிந்தேன், அவனுடைய தமையன் படையில் சேர்ந்து எல்லைப்புறத்தில் பணிபுரிகிறான் என்று. நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் இத்தகைய வீடுகள் பல உண்டு. அவ்வீடுகளில் போர் என்பது பாடநூற் செய்தி அன்று. தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் தாயின் நெஞ்சில் எழும் துடிப்பு.

அவனை அருகிருந்த நிழலுக்கு அழைத்துச் சென்று யான் அறிந்ததைச் சொன்னேன். “தம்பி, இந்த வகை விமானத்தில் முதன்முதல் ஏறிப் பறந்தவர் சுரஞ்சன் தாஸ் என்பவர். விமானப்படையில் குரூப் கேப்டன் என்னும் பதவியில் இருந்தவர். புதிதாகச் செய்த விமானம் பறக்குமா, விழுமா என்று எவருக்கும் தெரியாதபோது, தன் உயிரை வைத்து அதனைச் சோதிப்பது அவர் தொழில். 1961-இல் அவர் பத்திரமாகத் திரும்பி வந்தார். 1970 ஜனவரி 10-ஆம் நாள் இதே மாருத்தின் மாற்றி அமைத்த வடிவம் ஒன்றைச் சோதிக்கப் புறப்பட்டார். அன்று திரும்பவில்லை. இப்பொழுது நாம் பேருந்தில் வந்தோமே, அந்தப் பழைய விமான நிலையச் சாலையோடு வந்து கலக்கும் ஒரு சாலைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.” அவன் அப்பெயரைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். நாளும் பல்லாயிரவர் அச்சாலையில் செல்கின்றனர். பெயரைச் சொல்லிப் பேருந்துச் சீட்டுக் கேட்போருள் எத்தனை பேர் அவரை அறிவர்?

அங்கிருந்து அஜீத் என்னும் சிறு போர்விமானத்தினிடம் வந்தோம். அது, ‘நாட்’ என்னும் ஆங்கில நாட்டு விமானத்தின் வழிவந்தது. நாட் விமானத்தின் நீளம் 9 மீட்டருக்கும் குறைவே. நம் ஊர்ப் பேருந்தைக் காட்டிலும் சிறியது எனலாம். அத்தகைய விமானம் ஒன்றில்தான், 1971 டிசம்பர் 14-ஆம் நாள், சீநகர் விமான தளத்தின்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே நிர்மல்ஜித் சிங் சேகோன் என்னும் இளைஞர் மேலெழுந்து சென்றார். எதிர்த்து வந்தவை பல; இவர் தனித்து நின்று பொருது அன்றே மாண்டார். நம் விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அச்செய்தியையும் மாணவருக்குச் சொன்னேன். ஆரவாரம் தானே அடங்கியது. அதன்பின் அவர்கள் விமானத்தைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது.

டாங்கிகளின் கதையும் இத்தகையதே. சென்னைக்கு அருகில் ஆவடியில் அமைந்த தொழிற்சாலையில் 1965 முதல் விஜயந்தா என்னும் டாங்கிகள் செய்யப்பட்டன. தமிழ்நாட்டுத் தொழிலாளர் செய்த இரும்புக் கோட்டைகள் அவை. நால்வர் உள்ளே அமர்வர். ஒருவர் செலுத்த, ஒருவர் குண்டு நிரப்ப, ஒருவர் குறி வைக்க, ஒருவர் ஆணையிடுவர். வெளியிலிருந்து காண்பவனுக்கு அது மலை போலத் தோன்றும். உள்ளிருப்பவனுக்கோ கை கால் நீட்ட இடமில்லாத ஓர் இரும்புப் பெட்டி. தீப்பற்றினால் அதிலிருந்து வெளியேறுவது எளிதன்று.

அகமதுநகரில் சென்சூரியன் வகை டாங்கி ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஃபாமகுஸ்தா என்பது அதன் பெயர். 1971 டிசம்பர் 16-ஆம் நாள், பசந்தர் ஆற்றங்கரைப் போரில், அதனைச் செலுத்திப் போர் செய்வித்தவர் அருண் கேத்தர்பால். அவருக்கு வயது 21. படையில் அதிகாரியாகச் சேர்ந்து ஆறு மாதமே ஆகியிருந்தது. டாங்கியில் தீப்பற்றியது, இறங்கி வந்துவிடுமாறு மேலதிகாரியிடமிருந்து ஆணை வந்தது. பீரங்கி இன்னும் இயங்குகிறது என்று கூறி அவர் களத்தை விட்டு நீங்க மறுத்தார். அங்கேயே மாண்டார். அவருக்கும் பரம்வீர் சக்கரம் அளிக்கப்பெற்றது.

அக்கதை அவ்வளவில் முடியவில்லை. அவர் தந்தையாரும் படையில் பெரும்பதவி வகித்தவர். நாடு பிரியுமுன் தாம் வாழ்ந்த ஊரைக் காண விரும்பி, 2001-ஆம் ஆண்டில், எண்பது வயது கடந்த முதுமையில், அவர் பாகிஸ்தானுக்குச் சென்றார். அந்நாட்டுப் படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அவரைத் தம் வீட்டில் வைத்து அன்போடு உபசரித்தார். விடைபெறும் நேரம் நெருங்கியபோது அவர் ஓர் உண்மையை வெளியிட்டார். பசந்தர்க் களத்தில் அருணை எதிர்த்து நின்று வீழ்த்தியவர் தாமே என்பதே அவ்வுண்மை. மகனைக் கொன்றவர் கையால் உணவு உண்டிருந்த அம்முதியவர் சினந்தெழவில்லை. இருவரும் தத்தம் கடமையைச் செய்தவர்கள் என்பதை உணர்ந்தார். ஃபாமகுஸ்தாவின் இரும்புக் கவசத்தை மட்டும் பார்த்துவிட்டு வருபவன் இதனை அறியான். ஆயினும் அந்த டாங்கி சொல்லக்கூடிய செய்திகளுள் இதனினும் பெரியது உண்டோ?

இவ்விடத்தில் நம் முன்னோர் செய்ததை நினைத்துப் பாருங்கள். தருமபுரி நகரில் அரசின் அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. அங்கே நடுகற்கள் மிகுதி. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளாக இப்பகுதி மக்கள் தம் வீரர்க்கு எடுத்த கற்கள் அவை. ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக வீரன் நிற்பான். சில கற்களில் அவன் உடலில் அம்பு தைத்திருக்கும். கல்லின் தலையில் வட்டெழுத்தில் சில வரிகள் இருக்கும். இன்ன மன்னனது இன்ன ஆண்டில், இன்னார் வந்து ஆநிரை கவர்ந்தபோது, இன்னார் மகன் இன்னான் அதனை மீட்டுப் பட்டான் என்று அவ்வரிகள் சொல்லும். பட்டான் என்றால் இறந்தான் என்பது பொருள். வாளின் நீளம் அங்கே எழுதப்படவில்லை. வில்லின் விலையும் எழுதப்படவில்லை. யார், எதற்காக, எங்கே என்பனவே எழுதப்பட்டன.

நம் மாவட்டத்தை அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளர் இருவரைக் கடித்து அது காவல் நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். நன்றி செய்த நாய்க்கும் பெயர் எழுதி வைத்த மக்கள் நம் முன்னோர். அவர்கள் வழிவந்த நாம், போர்விமானத்தின் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு அதில் சென்றவன் பெயரை அறியாதிருப்போமாயின், அது நமக்குப் பெருமை ஆகுமா?

ஔவையாரிடமே மீண்டும் வருகிறேன். தொண்டைமானின் படைக்கலங்களில் அவர் மயிற்பீலியைக் கண்டார் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதன் பின்னர் ஒரு நாள் அவர் மற்றோரிடத்திலும் மயிற்பீலியைக் கண்டார். அது அதியமானுக்கு நட்ட நடுகல். புறநானூற்றின் 232-ஆம் பாட்டில் அச்செய்தி வருகிறது. பீலி சூட்டிய அக்கல்லின் முன் சிறு கலத்தில் நறவு படைக்கின்றனர். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாத அவன் இதனைக் கொள்வானோ என்று ஔவையார் வருந்துகிறார். முதலில் அவர் கண்டது கொட்டிலில் இருந்த பீலி. அங்கே அவர் நகைத்தார். பின்பு கண்டது கல்லில் இருந்த பீலி. அங்கே அவர் அழுதார். இரண்டிற்கும் இடையில் இருப்பதுதான் போர். கொட்டிலில் தொடங்குவது கல்லில் முடிகிறது. ஆதலின், ஒன்றைப் பார்ப்பவன் மற்றொன்றையும் பார்த்தே ஆக வேண்டும்.

ஔவையார் தூதினால் தொண்டைமானோடு நேரவிருந்த போர் நின்றது என்று வழிவழியாகச் சொல்வர். பாட்டில் அம்முடிவு சொல்லப்படவில்லை. தகடூர் பின்னொரு காலத்தில் வீழ்ந்தது என்பது மட்டும் உறுதி. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அதனை வென்றான். அதனால் ‘தகடூர் எறிந்த’ என்னும் அடைமொழியும் பெற்றான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவனைப் பாடுகிறது. அப்போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்றொரு நூலே இருந்தது. சில பாடல்கள் ஒழிய ஏனையவை அழிந்தன. ஒரு தூது ஒரு போரைத் தடுக்கலாம். எல்லாப் போரையும் தடுத்துவிடாது. எனினும் தூது செல்வோரும், பகைவன் கொட்டிலைக் கண்டு அஞ்சாது உண்மை பேசுவோரும் ஒவ்வொரு தலைமுறைக்கும் வேண்டியவர்களே.

பிற நாட்டார் இதனை எவ்வாறு செய்கின்றனர் என்று பார்ப்போம். இலண்டன் மாநகரில் உள்ள பேரரசுப் போர்க் காட்சிச்சாலை 1917-இல், முதல் உலகப் போர் முடியுமுன்னரே நிறுவப்பட்டது. 1936 முதல் அது இயங்கிவரும் கட்டடம் முன்பு மனநோயாளர் மருத்துவமனையாக இருந்தது. வாயிலில் போர்க்கப்பலின் பெரும் பீரங்கிகள் இரண்டு நிற்கின்றன. உள்ளே ஆயுதங்களோடு, போர்க்களத்திலிருந்து வீரர் எழுதிய கடிதங்களையும் காத்து வருகின்றனர். சப்பான் நாட்டில் இரோசிமா நகரக் காட்சிச்சாலை 1955-இல் திறக்கப்பெற்றது. அங்கே காண்பார் நெஞ்சை உருக்குபவை பீரங்கிகள் அல்ல. 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை 8.15 மணிக்கு நின்றுபோன ஒரு கைக்கடிகாரம். ஒரு குழந்தையின் மூன்று சக்கர வண்டி. பள்ளி மாணவன் ஒருவனுடைய உணவுப் பெட்டி. அப்பெட்டிக்குள் இருந்த சோறு கரியாகிக் கிடக்கிறது. அணுகுண்டின் ஆற்றலை எந்த எண்ணும் அப்பெட்டியைப் போல எடுத்துரைக்க மாட்டாது.

இவ்வாறு சொல்வதனால், படையே வேண்டா என்று யான் கூறுவதாக எண்ணற்க. வேலி இல்லாத பயிர் விளையாது. திருவள்ளுவர் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்களைப் படைக்கென்றே வகுத்தார். படைச்செருக்கின் முதற்குறளிலேயே, மாண்டு கல்லாகி நின்ற வீரர் பேசப்படுகின்றனர். அதே அதிகாரத்தில், பகைவனுக்கு ஓர் இடுக்கண் வந்தபோது அவனுக்கு உதவுவதே வீரத்தின் கூர்மை என்றும் அவர் கூறுகிறார். எதிர்த்து நிற்கவும் வேண்டும். எதிரியும் மனிதன் என்பதை மறவாதிருக்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே அதிகாரத்தில் வைத்தது அவர் பெருமை. படைக்கலத்தை வெறுத்து ஒதுக்குபவன் தன்னைக் காத்து நிற்பவனை மறக்கிறான். படைக்கலத்தை வியந்து ஆடுபவனும் அவனையே மறக்கிறான். அதனால்தான் அவ்விரு ஆசிரியர் கருத்தும் பாதி உண்மை என்றேன்.

எனவே மாணவர்களே, படைக்கலக் காட்சிச்சாலைக்குச் செல்லுங்கள், தயங்க வேண்டா. ஒவ்வொரு கருவியின் முன்னும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இதனைச் செய்தவர் யார்? இதில் சென்றவர் யார்? இதன் எதிரே நின்றவர் யார்? முதல் வினா உழைப்பை மதிக்கச் செய்யும். இரண்டாவது நன்றியை வளர்க்கும். மூன்றாவது வினாவே அரிது. அது அருளை வளர்க்கும். மூன்றிற்கும் விடை கிடைக்காமற் போகலாம். கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு விமானத்தின் வேகத்தை மறந்தாலும் குற்றமில்லை. ஒரு மனிதனின் பெயரையாவது கொண்டு வாருங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தருமபுரி மாவட்டத்துப் பள்ளிகள் பெங்களூருக்குப் புறப்படுமுன், நம் ஊர் அகழ்வைப்பகத்தில் ஒரு மணி நேரம் நின்று செல்லலாம். அதற்குச் செலவு மிகுதி ஆகாது. நடுகல்லைப் பார்த்தபின் மாருத்தைப் பார்க்கும் மாணவனுக்கு எதைத் தேட வேண்டும் என்று ஒருவரும் சொல்ல வேண்டுவதில்லை. இன்னும் எத்தனையோ கற்கள் நம் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் கேட்பாரற்றுச் சாய்ந்து கிடக்கின்றன. அத்தகைய கல் ஒன்றின்மேல் துணி துவைக்கப்படுவதை என் இளமையில் கண்டிருக்கிறேன். அன்று எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ‘இது யாருடைய கல்?’ என்று கேட்கவும் தோன்றவில்லை. படிக்கக் கற்றபின் தேடிச் சென்றேன். கல் அங்கே இல்லை. ஊரைக் காக்க மாண்ட ஒருவன் பெயர் என் கண் முன்னே இருந்தும், அதை யான் இழந்தேன். அக்குறை இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. உங்கள் ஊரில் அப்படியொரு கல் இருந்தால், அதன் இடத்தைக் குறித்து ஆசிரியரிடம் சொல்லுங்கள். தொல்லியல் துறையினருக்குத் தெரிவிப்பது அவர் கடமை.

மாலையில் பேருந்து திரும்பியது. ஓசூரைக் கடந்தபோது பிள்ளைகள் பெரும்பாலோர் உறங்கிவிட்டனர். வினாக் கேட்ட மாணவன் மட்டும் விழித்திருந்தான். குறிப்பேட்டை மடிமேல் வைத்து, மங்கிய விளக்கொளியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். “என்ன தம்பி எழுதுகிறாய்?” என்றேன். “அண்ணனுக்குக் கடிதம், ஐயா. இன்று பார்த்ததை எழுதுகிறேன்” என்றான். அதற்குமேல் யான் ஒன்றும் கேட்கவில்லை. அக்கடிதத்தில் விமானத்தின் நீளமும் எடையும் இருந்தனவோ, இல்லையோ, அறியேன். சுரஞ்சன் தாஸ் என்னும் பெயர் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.